மேட்டுக்கு அப்பால் பறக்கும் ட்ரோன்: காவல் தரையிலா, ஆட்டோபைலட்டிலா, தனிப் பலகையிலா?

கோத்தகிரிச் சரிவில் ஒரு தேயிலை ஃபேக்டரி முற்றத்திலிருந்து தானியங்கி ட்ரோன் ஒன்று கிளம்புகிறது. எதிரேயுள்ள மேட்டைத் தாண்டி மறுபக்கப் பள்ளத்தில் இறங்கியதும் தரையிலுள்ள திரையில் டெலிமெட்ரி, அதாவது ட்ரோன் அனுப்பும் பறத்தல் தரவு, நின்றுபோகும். மலைக்கு அப்பால் ரேடியோ அலை எட்டாது. சமவெளியில் வயலுக்கு மேலே பறப்பதைத் திரையில் பார்த்துக்கொண்டே காப்பாற்றிவிடலாம். இங்கே அந்தத் திரை கைவிடுவது, அது மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான். எனவே தரையிலிருந்து கண்காணிக்கும் வழியை நான் முதலிலேயே ஒதுக்குகிறேன். பறக்கும்போதே பழுதைக் கண்டுபிடிக்கும் காவல், ட்ரோனிலேயே ஏறிப் பறக்க வேண்டும். அதை எந்த வடிவில் ஏற்றுவது என்பதில்தான் போட்டி.

முதல் போட்டியாளர், ட்ரோனை ஓட்டும் ஆட்டோபைலட்டில் ஏற்கெனவே உள்ள ஃபெயில்சேஃப், அதாவது கோளாறு வந்தால் தானாகத் தொடங்கும் பாதுகாப்பு நடவடிக்கை. ஆர்டுபைலட், பிஎக்ஸ்4 ஆகிய இரண்டு திறந்தநிலை ஆட்டோபைலட் மென்பொருள்களும் பேட்டரி, ரேடியோ தொடர்பு, நிலைக்கணிப்பு (ட்ரோன் இருக்கும் இடம், சாய்வு பற்றிய கணிப்பு) ஆகியவற்றைப் பறக்கும்போதே சோதிக்கின்றன. கூடுதல் செலவும் இல்லை, எடையும் இல்லை. ஆனால் அவற்றின் இயல்பு அமைப்புகளை மலைக்கு அப்படியே கொண்டுவரக் கூடாது. ஆர்டுபைலட்டில் ‘வீடு திரும்பு’ கட்டளைக்கான உயரம் இயல்பாக 15 மீட்டர். அதுவும் கிளம்பிய இடத்திலிருந்து அளக்கப்படுவது. மறுபக்கப் பள்ளத்தில் தாழப் பறக்கும் ட்ரோனுக்குத் தொடர்பு அறுந்தால், அது ஃபேக்டரி முற்றத்துக்கு மேல் 15 மீட்டர் வரை ஏறி, நேர்கோட்டில் வீட்டை நோக்கி வரும். நடுவிலுள்ள மேடு முற்றத்தைவிட 40 மீட்டர் உயரம் என்றால் நேராகச் சரிவில் மோதும். மேடே இல்லாவிட்டாலும், தோட்டத்தில் நிழலுக்கு வளர்ந்து நிற்கும் சில்வர் ஓக் மரங்கள் அந்த உயரத்தை எளிதில் தாண்டிவிடும். உயிர் காக்க வைத்த கட்டளையே ட்ரோனைக் கொல்கிறது. திரும்பும் உயரத்தைக் கூட்டுவது, வந்த தடத்திலேயே திரும்பச் செய்யும் முறையைத் தேர்வது என மாற்று அமைப்புகள் அதே மென்பொருளில் இருக்கின்றன. ட்ரோன் வாங்கும் தோட்டக்காரர் பறக்கவிடும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

பேட்டரி விஷயத்திலும் இதே கதைதான். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஒரே இடத்தில் மிதந்து நிற்கவே பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதல் ஆற்றல் தேவை. ஜனவரி உறைபனிக் காலையில் பேட்டரியின் உள்தடையும் கூடி, சுமை ஏறியவுடன் வோல்டேஜ் சரிகிறது. கோயம்புத்தூரில் சோதித்து வைத்த எச்சரிக்கை எல்லை இங்கே ஒருநாள் வீணாக அலறும், இன்னொரு நாள் தாமதமாக அலறும். ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியாகப் பார்க்கும் சோதனையின் பலவீனம் இது.

இரண்டாவது, தனிக் கண்காணிப்பான். நாசா ஏம்ஸ் மையத்து ஆய்வில் உருவான ஆர்2யு2, நாசா லாங்லி மையத்துக்காக உருவான கோபைலட் ஆகியவை இந்த வகை. ஆட்டோபைலட் அனுப்பும் தரவைத் தொந்தரவின்றி வாசித்து, காலத்தோடு சேர்ந்த விதிகளைச் சரிபார்ப்பதே இவற்றின் வேலை. ‘விசையைக் கூட்டச் சொல்லி மூன்று விநாடி ஆகியும் உயரம் கூடவில்லை’ என்பது அப்படியொரு விதி. வோல்டேஜ் எண் மட்டும் இதைச் சொல்லாது. கோபைலட், எழுதிய விதிகளை மாறாத அளவு நினைவகமும் மாறாத நேரமும் எடுக்கும் சி மொழி நிரலாக மாற்றித் தருகிறது. ஆர்2யு2, உள் சுற்றை வேலைக்கேற்ப மாற்றியமைக்கக்கூடிய எஃப்பிஜிஏ சில்லில் ஓடக்கூடியது. விதிகளோடு நிகழ்தகவு வலைகளையும் சேர்த்து, எந்த உணரியை நம்பலாம் என்று கணிக்கிறது.

இந்தக் கடைசித் திறன்தான் நீலகிரிக்கு முக்கியம். பனிமூட்டத்தில், கீழேயுள்ள தரைவரை அளக்கும் லேசர் உயரமானியின் ஒளி நீர்த்துளியில் பட்டுத் திரும்பி, தரை அருகில் இருப்பதாகச் சொல்லலாம். காற்றழுத்த உயரமானி காட்டுவதோ கிளம்பிய இடத்திலிருந்து உள்ள உயரம். சமவெளியில் இரண்டும் முரண்பட்டால் ஏதோ ஒன்று பழுது. இங்கே சரிவு காரணமாகவே முரண்படும். ஜிபிஎஸ்ஸும் தரை உயர வரைபடமும் சேர்ந்து சாட்சி சொன்னால்தான் தீர்ப்பு. அந்த வரைபடத்தையும் கண்மூடி நம்ப முடியாது: ஆர்டுபைலட் இயல்பாக 100 மீட்டர் கட்டங்களில் தரையைப் பார்க்கிறது, அதற்குள் ஒரு பாறை முகடு ஒளிந்துகொள்ளும்.

இயந்திரம் நலமாக இருப்பது வேறு, பயணம் பாதுகாப்பாக இருப்பது வேறு. 2021 டிசம்பரில் குன்னூர் அருகே நடந்த ஹெலிகாப்டர் விபத்தில் இயந்திரக் கோளாறு இல்லை, பள்ளத்தாக்கில் திடீரென மாறிய வானிலையால் மேகத்துக்குள் நுழைந்ததே வழிவகுத்தது என்றது வான்படையின் முதற்கட்ட விசாரணை. மோட்டாரையும் பேட்டரியையும் மட்டும் பார்க்கும் ட்ரோன் கண்காணிப்பு இந்த மலையில் பாதிக் கண்காணிப்புதான். 2021 ட்ரோன் விதிகள் எடுத்துக்காட்டும் பாதுகாப்பு அம்சங்களான அனுமதியின்றிக் கிளம்பாமை, இடமறிவிப்பான், குறித்த எல்லையைத் தாண்டவிடாத புவிவேலி ஆகியவையும் இந்தப் பாதியை நிரப்புவதில்லை.

மூன்றாவது, பழகிக்கொண்டு பிழை கண்டுபிடிக்கும் செயற்கை நுண்ணறிவு. அதற்குக் கற்றுத்தர இந்த மலையின் பறத்தல் பதிவுகள் வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றின் வீச்சைப் பார்த்திராத நுண்ணறிவு, ஒவ்வொரு காற்று வீச்சையும் பழுது என்றே சொல்லும். ஏன் அலறியது என்றும் விளக்காது. இப்போதைக்கு முடிவெடுக்கும் உரிமையை அதற்குத் தர மாட்டேன்.

என் தேர்வு இரண்டாவது. எஃப்பிஜிஏ தெரிந்த ஆள் எல்லாத் தோட்டத்துக்கும் கிடைக்க மாட்டார். சிறிய தனிப் பலகையில் மென்பொருளாக ஓடினாலும் போதும். ஆனால் செயலியும் மின்வழியும் ஆட்டோபைலட்டினுடையதாக இருக்கக் கூடாது. ஆட்டோபைலட் உறைந்துபோகும் நொடியில் காவலும் சேர்ந்து உறைந்தால் பயனில்லை. முதலில் ஃபெயில்சேஃப் எண்களை மலைக்கேற்ப மாற்றிவிட்டு, அதன் மேல் இதை ஏற்ற வேண்டும். மேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் மரமில்லாத ஒரு வெட்டவெளியை மாற்று இறங்குமிடமாக முன்கூட்டியே குறித்துவைக்க வேண்டும். பழுது தெரிந்ததும் ட்ரோன் மேட்டைத் தாண்டி வீடு தேடாமல் தன் பக்கத்து வெளியிலேயே இறங்கட்டும். தொலைவிலிருந்து தெரியும் ஆரஞ்சு நிறத்தை அதன் முதுகில் பூசிவிட்டால், தேடிப் போகிறவர்களுக்கு வேலை குறையும்.