சிறுவர் நூலுக்குத் தனிக் கட்டுரையா, ஆசிரியர் பக்கத்தில் ஒரு பத்தியா, ஸ்கான் மட்டுமா?

கிழக்கிலங்கையில், களுவாஞ்சிக்குடியிலோ கல்முனையிலோ அச்சாகி, முதற்பதிப்போடு நின்றுபோன ஒரு சிறுவர் நூல். அதை இணையத்தில் பதிய மூன்று வழி உண்டு: தமிழ் விக்கிப்பீடியாவில் தனிக் கட்டுரை, ஆசிரியர் கட்டுரைக்குள் ஒரு பகுதி, ஈழத்து நூல்களைச் சேர்த்துவைக்கும் ‘நூலகம்’ என்ற இணையத் தளத்தில் ஸ்கானும், விக்கிப்பீடியாவின் துணைத் தரவுத்தளமான விக்கித்தரவில் ஓர் உருப்படியும் (தரவுப் பதிவு). மூன்றும் கேட்கும் சான்று வேறுவேறு.

தனிக் கட்டுரைதான் கடினம். நூலோடு தொடர்பில்லாதவர்கள் விரிவாக எழுதிய இரண்டு ஆக்கங்களாவது வேண்டும் என்பது ஆங்கில விக்கிப்பீடியாவின் நூல் அளவுகோல்களில் முதன்மையானது. தமிழிலும் அதை வைத்துப் பார்ப்பதே பாதுகாப்பு. நம் பகுதி நூல்கள் பெரும்பாலும் இங்கேதான் இடறும். அணிந்துரை, ஆசியுரை, பதிப்புரை எல்லாம் நூலின் பகுதியே. வெளியீட்டு விழா நயவுரை அழைத்துப் பேச வைத்தது. விழாச் செய்தியிலோ தலைமை தாங்கியவர், முதற்பிரதி பெற்றவர் பெயர்கள் நிறைந்திருக்கும். நூலைப் பற்றி ஒரு வரி இராது! ஈழத்து நூல்களின் விவரப்பட்டியலான ‘நூல் தேட்டம்’ பதிவும் 955, 624 என்ற இலங்கைக் குறியீடு கொண்ட ஐஎஸ்பிஎன்னும் நூல் உண்டு என்பதை மட்டுமே காட்டும். பாடசாலை நூலகத்துக்கு வாங்கப்பட்டதும், வகுப்பில் பாடமாக வைக்கப்பட்டதும் ஒன்றல்ல.

எடுபடுபவை: ஞானம், ஜீவநதி, செங்கதிர் போன்ற இதழ்களில் அந்த நூலை மட்டும் எடுத்து எழுதிய விமர்சனம், கிழக்கின் சிறுவர் இலக்கியம் பற்றிய ஆய்வில் அதற்கென ஒதுக்கிய பக்கங்கள், அரச இலக்கிய விருது. விமர்சகரும் அணிந்துரை எழுதியவரும் ஒருவரேயா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிறிய இலக்கிய வட்டத்தில் இது அடிக்கடி நேர்வது.

‘தேடினேன், ஒன்றுமில்லை’ என்று முடிவுகட்டுவதற்கு முன் தேடிய விதத்தைச் சரிபார்க்க வேண்டும். பழைய இதழ்களின் ஸ்கான் வெறும் படமாக இருந்தால் தேடுபொறிக்கு எழுத்து தெரியாது. யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் ஏற்றிய பக்கங்களும் யூனிகோட் தேடலில் சிக்கா. எனவே நூல் வெளிவந்த ஆண்டு, அடுத்த இரண்டு ஆண்டு இதழ்களின் பொருளடக்கத்தைக் கண்ணால் பார்ப்பதே வழி. ஆசிரியரைத் தலைப்பெழுத்தோடும், புனைபெயரிலும், பெயருக்கு முன் ஊர்ப்பெயர் சேர்த்தும் தேடுங்கள். 1978 சூறாவளியிலும் 2004 ஆழிப்பேரலையிலும் கரையோர வீடுகளின் சேகரிப்புகள் எத்தனையோ போயின. அது சான்று குறைந்ததற்குக் காரணம்; சான்றுக்குப் பதிலாகாது.

ஒரே ஒரு நல்ல விமர்சனம் கிடைத்தால் இரண்டாம் வழி. ஆசிரியருக்கு ஏற்கெனவே கட்டுரை இருந்தால், அதில் நூறு சொல்லளவில் பொருள், வெளியீட்டு விவரம், விமர்சகர் சொன்னது ஆகியவற்றை எழுதி, நூற்பெயரிலிருந்து அந்தப் பகுதிக்கு வழிமாற்று (நூற்பெயரைத் தேடுபவரை அங்கே கொண்டுசேர்க்கும் இணைப்பு) போடலாம். பின்னர் சான்று சேர்ந்தால் அதே வழிமாற்றைக் கட்டுரையாக விரிக்கலாம். நூலுக்கு இடம் தேடி ஆசிரியர் கட்டுரையையே புதிதாகத் தொடங்குவது வீண். ஒன்றுக்குப் பதில் இரண்டு நீக்கல் வார்ப்புரு (கட்டுரையை நீக்கக் கோரும் அறிவிப்பு) வரும். பதினாறு பக்கப் பாடல் நூலில் ஒரு பாடலை முழுதாக எடுத்துப் போடுவதும் கூடாது.

மூன்றாவதை நாங்கள் முதலில் செய்யச் சொல்வோம். குறிப்பிடத்தக்கமை, அதாவது பதியத் தகுந்த நூல்தானா என்ற வாதம் அங்கே குறைவு, நூலும் அழியாது. தடங்கல் அனுமதிதான். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 70 ஆண்டு வரை உரிமை வாரிசுகளிடம் இருக்கும். சிறுவர் நூலில் ஓவியரின் உரிமையும் தனி. இதைத்தான் பலர் மறக்கிறார்கள். இருவர் தரப்பிலும் எழுத்தில் வாங்குங்கள். விக்கித்தரவில் ஆக்கத்துக்கு ஓர் உருப்படி, பதிப்புக்கு வேறோர் உருப்படி; ஆண்டு, பதிப்பாளர், பக்கம், ஐஎஸ்பிஎன் பதிப்புக்குரியவை. அட்டையில் உள்ள தலைப்பும் உட்பக்கத் தலைப்பும் வேறுபட்டால் உட்பக்கத்தை எடுத்து, மற்றதை மாற்றுப்பெயராக இடுங்கள். பதிப்புரிமையுள்ள அட்டைப்படத்தை, கட்டற்ற படங்களுக்கான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்ற வேண்டாம், நீக்கிவிடுவார்கள்.