இரண்டு பேருக்கு ஒரு புத்தகம்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்றுதான் சொல்வோம். முழு நாள் உழைத்தால் ஒரு பேர். கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர். 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வந்தது. அதற்கடுத்து நான் கொழும்பில் வாங்கிய 'தி ஹங்கர் கேம்ஸ்' முதல் பாகத்தின் விலை 2,650 ரூபாய். ஓர் அம்மா இரண்டு நாள் கூடையோடு மலைக்குப் போனால்தான் அந்த ஒரு புத்தகம்.

தலவாக்கலைப் பக்கம் ஒரு தமிழ்ப் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். வீட்டில் ஒரு தகரப் பெட்டியில் 43 கதைப் புத்தகங்கள் வைத்துப் பிள்ளைகளுக்கு இரவல் கொடுக்கிறேன். மாயாஜாலக் கதைகளும், நாளைய உலகம் கெட்டுப்போனால் எப்படி இருக்கும் என்று சொல்லும் கதைகளும்தான் அதிகம் கைமாறுகின்றன. அதைப் பார்த்துவிட்டுப் பெற்றோரும் கேட்கிறார்கள்: "டீச்சர், ஒன்னே ஒன்னு சொந்தமா வாங்கிக் குடுக்கலாம்னு இருக்கோம். எதை வாங்க?" இரண்டு பேர் கொடுத்து வாங்கப்போகிறவர்களிடம் மழுப்பலாகப் பதில் சொல்லக் கூடாது.

முதலில் 'தி ஹங்கர் கேம்ஸ்'. 2008இல் சுசான் கொலின்ஸ் எழுதியது. பனெம் என்றொரு நாடு, செழித்த தலைநகரம், அதற்காக உழைக்கும் 12 மாவட்டங்கள். வருடத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு மாவட்டத்திலும் 12 முதல் 18 வயது வரையான பிள்ளைகளின் பெயர்களைச் சீட்டெழுதிக் குலுக்கி, ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் எடுப்பார்கள். 24 பிள்ளைகளையும் ஓர் அரங்குக்குள் விட்டு, ஒருவர் மட்டும் மிஞ்சும் வரை ஒருவரையொருவர் கொல்ல வைத்து, அதை நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் காட்டுவார்கள். கதை சொல்லும் காட்னிஸுக்கு 16 வயது. நிலக்கரி தோண்டும் 12ஆம் மாவட்டத்துக்காரி. அப்பா சுரங்க வெடிப்பில் போய்விட்டார்.

சண்டைக்காகத்தான் இந்தப் புத்தகம் ஓடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். என் வகுப்பைப் பிடித்து உலுக்கியது அந்தச் சீட்டுக் கணக்கு. வீட்டில் சாப்பாடு இல்லையென்றால் பிள்ளை தன் பெயரைக் கூடுதலாக ஒரு தடவை போட்டு, ஒரு ஆளுக்கு ஒரு வருடத்துக்கான தானியமும் எண்ணெயும் வாங்கிக்கொள்ளலாம். அந்தச் சீட்டுகள் வருடா வருடம் சேர்ந்துகொண்டே போகும். 16 வயதில் காட்னிஸின் பெயர் 20 சீட்டில் இருக்கிறது. இதைக் கரும்பலகையில் கணக்காகப் போட்டுக் காட்டினேன். பின்வரிசைப் பையன் ஒருவன், "அப்ப பசிக்கிறவன் பேருதான் டீச்சர் கூட இருக்கும்" என்றான். வீட்டில் எத்தனை பேர் விழுந்தது என்று மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கிற பிள்ளைக்கு இதை விளக்கவே தேவையில்லை.

அப்புறம் ரூ வருகிறாள். 11ஆம் மாவட்டத்துச் சிறுமி, 12 வயது. அங்கே தோட்ட வேலை, பயிர் வேலைதான். உடம்பு சின்னது என்பதால் பழ மரங்களின் உச்சிக் கிளைக்கு அவளைத்தான் ஏற்றுவார்கள். விளைவிக்கிற நீங்களாவது கொஞ்சம் நன்றாகச் சாப்பிடுவீர்கள் அல்லவா என்று காட்னிஸ் கேட்கிறாள். விளைச்சலில் கைவைக்க எங்களுக்கு அனுமதி இல்லை என்கிறாள் ரூ. வைத்தால் எல்லோர் முன்னாலும் சாட்டையடி. சாயங்காலம் வேலை முடிந்ததற்கான கொடி ஏறுவது மர உச்சியில் இருக்கும் அவளுக்குத்தான் முதலில் தெரியும். உடனே நாலு சுரத்தில் ஒரு சின்ன மெட்டுப் பாடுவாள். பறவைகள் அதை வாங்கித் தோட்டம் முழுக்கக் கொண்டுபோகும். எல்லோரும் வேலையை நிறுத்துவார்கள்.

என் அப்பாயிக்கு இந்த இடத்தைத் தமிழில் சொன்னேன். அவர் காலத்தில் காலையில் தப்படித்துத்தான் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, கூப்பிடுவார்களாம். கையிலிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் புள்ள அப்புறம் வீடு போய்ச் சேந்துச்சா?" என்று கேட்டார். அதற்கான பதிலை நான் இங்கே எழுதவில்லை. புத்தகத்தில் வாசியுங்கள்.

இன்னொரு வசதியும் உண்டு. காட்னிஸே 'நான்' என்று, நிகழ்காலத்தில், சின்னச் சின்ன வாக்கியங்களில் சொல்கிறாள். பாடப் புத்தக ஆங்கிலம் ஓரளவு வரும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை முப்பது பக்கம் தாண்டிவிட்டால் போதும், கதை இழுத்துக்கொண்டு போகும். கொலைகள் உண்டு, சில கொடூரமானவை. 13 வயதுக்குக் கீழே வேண்டாம். 2009, 2010இல் வந்த அடுத்த இரண்டு பாகங்களையும் உடனே வாங்க வேண்டியதில்லை. முதல் பாகம் தனியாகவே நிற்கும்.

வாங்கும்போது ஒரு கவனம். விலை குறைவு என்று ஒரு கடையில் முன்பு இதே புத்தகத்தின் பிரதி ஒன்று வாங்கினேன். கள்ளப் பதிப்பு. எழுத்து மங்கல், ஒட்டு விட்டுப்போகிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், நடுவில் 16 பக்கங்களே இல்லை. அரங்கில் ரூவும் காட்னிஸும் சேர்ந்து திட்டம் போடுகிற இடத்துக்கு அடுத்து அப்படியே வெட்டுப்பட்டிருந்தது. இரவல் வாங்கிப்போன பிள்ளை மறுநாள் இடைவேளைக்கு மணி அடிக்கும்வரைகூடப் பொறுக்காமல் வாசலில் வந்து நின்றாள். நான் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, அவள் அழுதாள். கடையில் கேட்டதற்கு மாற்றித் தர முடியாது என்றார்கள். அந்தப் பிள்ளை அந்த இடத்தைத் தன் கண்ணால் வாசித்திருக்க வேண்டும். எனக்கு இன்னும் ஆறவில்லை. வாங்குவதற்கு முன் பக்க எண்களைப் புரட்டிப் பாருங்கள். செப்டெம்பரில் கொழும்பு பண்டாரநாயக்க மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சிக்குப் போக முடிந்தால், அங்கே கையில் எடுத்துப் பார்த்தே வாங்கலாம்.

இரண்டாவது, லோயிஸ் லோரியின் 'த கிவர்'. 1993இல் வந்தது, அடுத்த வருடம் அமெரிக்காவில் சிறுவர் இலக்கியத்துக்குக் கொடுக்கும் நியூபெரி பதக்கம் பெற்றது. மெல்லிய புத்தகம், ஆங்கிலமும் இலகு. எல்லோரும் ஒரே மாதிரி வாழும் ஓர் ஊர். பசி இல்லை, சண்டை இல்லை, நிறமும் இல்லை. 12 வயதானால் யார் என்ன வேலை செய்வது என்று பெரியவர்கள் முடிவு செய்துவிடுவார்கள். ஜோனஸ் என்ற பையனுக்கு யாருக்கும் கிடைக்காத ஒரு வேலை கிடைக்கிறது: பழைய உலகத்தின் நினைவுகளையெல்லாம் ஒரு கிழவரிடமிருந்து வாங்கிச் சுமப்பது.

முதலில் அவர் கொடுப்பது பனிமூடிய ஒரு குன்றிலிருந்து சறுக்கிக்கொண்டு இறங்கும் நினைவு. உரப்பையை விரித்துப் புல்மேட்டில் சறுக்கி விளையாடும் பிள்ளைகளுக்கு அந்தப் பக்கம் உடம்பிலேயே தெரியும். ஜோனஸ் தன் ஊரில் குன்றே பார்த்ததில்லை. காரணம் கேட்கிறான். குன்று இருந்தால் லொறியும் பஸ்ஸும் மெதுவாகத்தான் போகும், பொருட்களைக் கொண்டுபோகச் சிரமம், அதனால் இல்லாமல் ஆக்கிவிட்டோம் என்று பதில் வருகிறது. இதை வாசித்தபோது வகுப்பில் பாதிப் பேர் ஜன்னல் பக்கம் திரும்பி கிரேட் வெஸ்டர்ன் மலையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

அந்த ஊரில் பிறக்கும் குழந்தைக்கு முதலில் எண் மட்டும்தான். பெயர் பிறகு ஒரு விழாவில்தான் கிடைக்கும். உடம்பு தேறாத ஒரு குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலாவது தேறுமோ என்று ஜோனஸின் அப்பா ஒளித்துப் பெயர்ப் பட்டியலைப் பார்க்கிறார். அந்த ஒரு செயலுக்காக அவரை எனக்குப் பிடித்துப்போனது. பின்னால் அதே அப்பா வரும் ஒரு காட்சி நெஞ்சை உடைத்துவிடும். சின்னப் பிள்ளைகள் அந்தப் பகுதியை வாசிக்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது. முடிவு திறந்தபடி இருக்கும். சிலருக்குக் கோபம் வரும், எனக்கு அது சரியென்றே பட்டது.

'டைவர்ஜென்ட்' பற்றியும் நிறையக் கேட்கிறார்கள். வெரோனிகா ரோத், 2011. சிகாகோ நகரத்து மக்களை ஐந்து குழுக்களாகப் பிரித்து, 16 வயதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கதை. முதல் பாகம் விறுவிறுப்பு, மூன்றாவது என்னைக் களைக்க வைத்தது. இரவல் கிடைத்தால் வாசியுங்கள், காசு போட வேண்டாம். டோமி அடெயெமியின் 'சில்ட்ரன் ஒஃப் பிளட் அன்ட் போன்' (2018) மேற்கு ஆபிரிக்காவின் யொரூபா மரபின் தெய்வங்களையும் மந்திரத்தையும் வைத்து எழுதியது. எனக்கு நிரம்பப் பிடித்தது. ஆனால் 500 பக்கத்துக்கு மேல், வன்முறையும் அதிகம். உயர்தரம் படிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

எனக்கு உயிரான புத்தகம் 'எ விசார்ட் ஒஃப் ஏர்த்சீ'. உர்சுலா கே. லெ குவின் 1968இல் எழுதியது. கொன்ட் என்ற தீவு, தீவே ஒரு மலை. அங்கே ஆடு மேய்க்கும் ஒரு தாயில்லாப் பிள்ளை. கிராமத்து மந்திரக்காரியான பெரியம்மா அவனுக்குச் சில வார்த்தைகள் சொல்லிக்கொடுக்கிறாள். கடலுக்கு அப்பாலிருந்து படை கொள்ளையடிக்க வருகிறது. அடிக்க ஆயுதம் இல்லை, ஆள் பலமும் இல்லை. அவன் மூடுபனியைக் கூட்டி ஊரையே மறைக்கிறான். வந்தவர்கள் அந்த வெண்மைக்குள் தடுமாறி, பாறை விளிம்பு தெரியாமல் விழுகிறார்கள். காலையில் கைநீட்டினால் கை தெரியாத பனிக்குள் பாடசாலைக்கு நடந்து வரும் எங்கள் பிள்ளைகளுக்கு, பனி தம் பக்கம் நிற்பதாக எழுதிய வேறு கதையை நான் கொடுத்ததில்லை.

அவன் நிறம் செம்பழுப்பு. அந்த உலகத்தில் பெரும்பாலானோர் பழுப்பும் கறுப்பும்தான். ஆனாலும் பல வருடங்களாகப் பதிப்பாளர்கள் அட்டையில் அவனை வெள்ளைப் பையனாக வரைந்தார்கள், லெ குவின் அதை வெளிப்படையாகக் கண்டித்தார்.

அங்கே ஒவ்வொருவருக்கும் ஓர் உண்மைப் பேர் உண்டு. அதை அறிந்தவனுக்கு அவர் மீது அதிகாரம் உண்டு, ஆகவே உயிருக்கு உயிரானவரிடம் மட்டும் சொல்வார்கள். அந்த ஆடு மேய்த்த பையன் கெட், தன் கர்வத்தால் ஒரு நிழலை அவிழ்த்துவிட்டு, உடம்பும் மனமும் சிதைந்து கிடக்கும் நேரத்தில், வெட்ச் என்ற நண்பன் கேட்காமலே தன் உண்மைப் பேரைச் சொல்கிறான். பிறப்பத்தாட்சியில் யாரோ பிழையாக எழுதிய பேரைச் சுமந்துகொண்டு, வீட்டில் மட்டும் சரியான பேரில் வாழும் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் பக்கத்தை நானே சத்தமாக வாசித்துக் காட்டுவேன்.

ஆங்கிலம் கடினம். நீண்ட வாக்கியங்கள், பழைய சொற்கள். நாளுக்கு இரண்டு பக்கம், வாய்விட்டு வாசித்தால் போதும். அது பிடித்தால் அடுத்தது 1971இல் வந்த 'த டூம்ஸ் ஒஃப் அட்டுவான்'. அதில் நாயகி ஒரு பெண்பிள்ளை, பேர் பறிக்கப்பட்டு இருண்ட நிலவறைகளுக்குப் பூசாரியாக வளர்பவள். என்னிடம் இருப்பது ஒரே பிரதி. பதினாறு பக்கம் இல்லாத புத்தகத்தைக் கொண்டுவந்து வாசலில் நின்றாளே, அவளிடம்தான் இப்போது இருக்கிறது. அவள் திருப்பித் தந்ததும் அடுத்த ஆளுக்குக் கொடுப்பேன்.