ரெய்டு 5-இல் நாலு டிஸ்க் மாற்றிய கதை

வீட்டு ஃபைல்களை வைத்திருக்கும் நாலு டிஸ்க் பெட்டி நிறைந்துவிட்டது, ஒவ்வொன்றாகக் கழற்றிப் பெரிய டிஸ்க் போட்டுக்கொண்டே போகலாமா என்று நண்பன் கேட்டான். போகலாம், நான் போயிருக்கிறேன். பத்து வருஷமாக இந்த மாதிரி ஒரு பெட்டியோடு குடித்தனம் நடத்துகிறவன் என்பதால் கொஞ்சம் எரிச்சலோடுதான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளவும்.

ரெய்டு 5 என்பது பல டிஸ்க்கை ஒன்றாகக் கட்டி, ஒன்று செத்தாலும் தரவு தப்பிக்கும்படி வைக்கும் ஏற்பாடு. 4 டிபி டிஸ்க் நாலு இருந்தது, பாரிட்டிக்கு (செத்த டிஸ்க்கின் தரவைத் திரும்பக் கணக்கிட வைக்கும் உபரித் தகவல்) ஒரு டிஸ்க் அளவு போக 12 டிபி. நாலையும் 8 ஆக்கினால் 24. ஒன்றைக் கழற்று, புதியதைச் செருகு, ரீபில்ட் (மற்ற மூன்றையும் வைத்துப் புதியதை நிரப்புவது) முடியட்டும், அடுத்ததற்குப் போ, அவ்வளவுதான் வேலை. ஆனால் கடைசி டிஸ்க் முடியும் வரை ஒரு பைட்கூட இடம் அதிகமாகாது, ஏனென்றால் இருப்பதிலேயே சின்ன டிஸ்க் எதுவோ அந்த அளவைத்தான் ரெய்டு எல்லாவற்றிலும் எடுத்துக்கொள்ளும். மூன்று புது டிஸ்க் பாதி வயிறு காலியாக உள்ளே சும்மா உட்கார்ந்திருந்தன.

சரி, அதுகூடப் பரவாயில்லை. என் உயிரை எடுத்தது அந்த மீதி நேரக் கணக்குதான். முதலில் நொடிக்கு 150 எம்பி என்று காட்டி, ஏழரை மணி நேரம் என்றது. ஏழரை என்றபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். டிஸ்க்கின் வெளி விளிம்பில் வேகம் அதிகம், உள்ளே போகப் போகக் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும், அதனால் 60 சதவீதம் தாண்டியபின் மீதி நேரம் குறையவே மாட்டேன் என்கிறது. நடுவில் யாராவது ஒரு ஃபைலைத் திறந்தால் இன்னும் மோசம். பதினோரு மணி நேரம் ஆனது, இப்படி நாலு தடவை. அத்தனை நேரமும் நிலவரத்தில் நாலு யூ (U, வேலை செய்யும் டிஸ்க்குக்கு ஒன்று) இருக்க வேண்டிய இடத்தில் மூன்று யூவும், இன்னும் தயாராகாத டிஸ்க்குக்கு ஒரு அடிக்கோடும். அந்த அடிக்கோடு இருக்கும் வரை இன்னொரு பழைய டிஸ்க் மண்டையைப் போட்டால் எல்லாம் போச்சு. ஐந்தாவது ஸ்லாட் இருந்தால் பழையதைக் கழற்றாமலே புதியதற்கு நகலெடுத்து மாற்றலாம், பாதுகாப்பு குறையாது. என் பெட்டியில் இருப்பது நாலே ஸ்லாட்.

நாலாவதும் முடிந்தது, அர்ரேயை, அதாவது அந்த டிஸ்க் கூட்டத்தை, பெரிதாக்கினேன், புதிதாகச் சேர்ந்த பகுதியை அது ஒருமுறை ஒத்திசைத்தது (மறுபடி ஒரு இரவு). அப்புறம் ஃபைல் சிஸ்டத்தை (எந்த ஃபைல் எங்கே என்று கணக்கு வைக்கும் அமைப்பு) நீட்டப் போனால் முடியாது என்கிறது! அது இஎக்ஸ்டி4 என்ற வகை, பழையது; டிஸ்க்கை 4 கேபி பிளாக்குகளாகப் பிரித்து 32 பிட் எண்ணால் எண்ணுவது, ஆக 16 டிபிக்கு மேல் எண்ணவே தெரியாது. அன்மவுண்ட் செய்து (பயன்பாட்டிலிருந்து விலக்கி), முழுசாகச் சோதித்து, 64 பிட்டுக்கு மாற்றின பிறகுதான் வழிக்கு வந்தது. நாலு டிஸ்க் மாற்றும்போதும் ஒரு நிமிஷம்கூட நிற்காமல் ஓடிய பெட்டி, இதற்காக ஒரு நாள் நின்றது.

நியாயமாகச் சொன்னால் ஒரு ஃபைல்கூடப் போகவில்லை. பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க்கை உருவியும் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் ஆச்சரியம்தான். ஆனாலும் நண்பனிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். எப்படியும் முழு பேக்கப் எடுத்துத்தான் ஆகவேண்டும், ரெய்டு பேக்கப் ஆகாது, அப்படி எடுத்துவிட்டால் புது அர்ரே ஒன்றை உருவாக்கித் திரும்பக் கொட்டிவிடலாமே, நாலு ராத்திரி மிச்சம்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். முதல் டிஸ்க்கைக் கழற்றிவிட்டானாம், இப்போது 3.2 சதவீதம்.