டொமைன் (வெப்சைட் முகவரி) யார் பேரில் இருக்கிறது? கடலூர், பாண்டி வியாபாரிகளுக்கு ஓர் எச்சரிக்கை

வெப்சைட், விளம்பரம், கூகுள் மேப் என்று ஏதாவது ஒரு வேலையை வெளியே ஃப்ரீலான்சரிடம் கொடுக்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

எங்களுக்குத் திருப்பாதிரிப்புலியூரில் முந்திரிப் பருப்புக் கடை. பண்ருட்டிப் பக்கம் உடைக்கிற பருப்பை வாங்கித் தரம் பிரித்து விற்கிறோம். வெளியூர் ஆர்டர் வாட்ஸ்அப்பில் குவிந்ததால் வெப்சைட் போடலாம் என்று பாண்டியில் ஒரு பையனைப் பிடித்தோம். தெரிந்தவர் சொல்லி வந்தவன்தான். "அண்ணே, டொமைன், ஹோஸ்டிங், மேப், பேஸ்புக் எல்லாம் நானே பாத்துக்கறேன், நீங்க காசு மட்டும் போடுங்க" என்றான். பாதி முன்பணம், மீதி வேலை முடிந்ததும். வேலையைக் குறை சொல்ல மாட்டேன், நன்றாகவே செய்திருந்தான். டபிள்யூ 320 ரகத்தின் படத்தைப் போட்டு அதன் கீழே டபிள்யூ 240 ரகத்தின் விலையை எழுதியதைத் தவிர. (ஒரு பவுண்டுக்கு எத்தனை பருப்பு என்பதுதான் அந்த எண். எண் குறைந்தால் பருப்பு பெரிது, விலையும் கூட.)

தீபாவளி ஆர்டர் சூடு பிடிக்கும் நேரம் பார்த்து, பராமரிப்புக் கட்டணம் என்று முதலில் பேசிய தொகைக்கு ஏறக்குறைய சமமாகக் கேட்டான். முடியாது என்றோம். மறுநாள் சைட் திறக்கவில்லை, போனையும் எடுக்கவில்லை.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. டொமைனை அவன் மின்னஞ்சலில் வாங்கியிருக்கிறான். காசு எங்களுடையது, ஆனால் பதிவு நிறுவனத்தின் கணக்கில் இருப்பது அவன். அந்தக் கணக்கிலிருந்து மாற்றக் குறியீடு (டிரான்ஸ்ஃபர் கோட்) எடுத்துத் தராமல் டொமைனை வேறு நிறுவனத்துக்கு நகர்த்த முடியாது. மேப்பில் முதன்மை உரிமையாளரும் அவன்தான், நாங்கள் வெறும் மேலாளர். பேஸ்புக் பக்கமும் அதே கதை. வெப்சைட்டில் பணம் வாங்கும் பேமென்ட் கேட்வே மட்டும் தப்பியது. அதற்கு கடையின் பான் கார்டும் வங்கிக் கணக்கும் கேட்டதால் எங்கள் பேரில்தான் எடுக்க முடிந்தது.

மேப்பை, உரிமை கோரி விண்ணப்பித்துக் கடையைச் சரிபார்த்து மீட்டோம். டொமைன் போனது போனதுதான். காவல் நிலையத்தில் இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள் என்றார்கள்.

வக்கீல் ஒருவர் சொன்னதுதான் பெரிய அதிர்ச்சி. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, சம்பளத்துக்கு வேலை செய்யாத ஒருவர் எழுதிய வெப்சைட் நிரலுக்கு (code) அவரேதான் முதல் உரிமையாளர். நாம் காசு கொடுத்துவிட்டதால் மட்டும் அது நம்முடையது ஆகிவிடாது. நாம் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோக்கள் மட்டும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், நமக்கே. மற்றதை எழுதி, கையெழுத்து வாங்கித்தான் நம் பேருக்கு மாற்ற வேண்டும். அதிலும் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம்தான் கணக்கு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். துபாய்க்குப் பருப்பு அனுப்புகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

எல்லா ஃப்ரீலான்சரும் இப்படி என்று சொல்லவில்லை. இப்போது எங்களுக்கு வேலை செய்யும் பெண், "சார், உங்க மெயில் ஐடியில நீங்களே டொமைன் வாங்குங்க, எனக்கு அனுமதி மட்டும் கொடுங்க" என்று தானாகவே சொன்னார். ஓடிபி வருவதும் எங்கள் எண்ணுக்குத்தான். முன்பணம் பேசும்போதே இதைக் கேளுங்கள். ஆள் நெளிந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

நீங்கள் எங்கள் பழைய வாடிக்கையாளர் என்றால் ஒரு விஷயம். பழைய வெப்சைட் முகவரி மறுபடி உயிரோடு இருக்கிறது, எங்கள் போட்டோக்களோடு வேறு யாரோ பருப்பு விற்கிறார்கள். அங்கே பணம் கட்டி ஏமாந்தவர்கள் உடனே 1930க்குப் போன் போடுங்கள். அந்தச் சைட்டில் வாங்கும் பருப்புக்கு நாங்கள் பொறுப்பில்லை.