மேல்மலையில் கேரவன் முகாம் என்று விளம்பரம் வந்தால், பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

கொடைக்கானல் மேல்மலைக் கிராமங்களில் "பண்ணை நடுவே கேரவன் முகாம்" என்று ஒரு விளம்பரம் கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பூண்டுத் தோட்டத்து ஓரம் வண்டியை நிறுத்தி அதிலேயே சமைக்கலாம், தூங்கலாம். மின் இணைப்பு உண்டு, குடிநீர் உண்டு, கழிவுநீரை வெளியேற்றத் தனி வசதி உண்டு, முதியவர்களையும் அழைத்து வாருங்கள் என்கிறது. அரையாண்டு விடுமுறைக்கு மதுரையிலிருந்து குடும்பத்தோடு போனோம். சொன்ன வசதிகளில் ஒன்றுகூட அங்கே இல்லை. எங்கள் பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். எந்தப் பாவமும் அறியாத ஒரு தோட்டக்காரக் குடும்பம் எங்கள் வண்டியால் ஊராரிடம் தலைகுனிந்து நின்றது. அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. இன்னொரு குடும்பத்துக்கும் இன்னொரு விவசாயிக்கும் இது நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

தொலைபேசியில் பேசியவர் மிகவும் பணிவாகப் பேசினார். அத்தைக்கு மூட்டுவலி, இரவில் இரண்டு முறையாவது எழுந்திருப்பார்கள், கழிப்பறை வண்டிக்குள்ளேயே இருக்க வேண்டும், குளிருக்கு ஹீட்டர் இருக்க வேண்டும் என்று நான் தெளிவாகச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் "இருக்கிறது அக்கா, கவலையே வேண்டாம்" என்றார். ஓர் இரவுக்கு 12,000 ரூபாய். பாதியை முன்பணமாக ஒரு தனிநபரின் கணக்குக்கு அனுப்பச் சொன்னார். நிறுவனக் கணக்கு பராமரிப்பில் இருக்கிறதாம். ரசீது கேட்டதற்கு, ஊர் திரும்பியதும் மொத்தமாகத் தருவதாகச் சொன்னார். புறப்படும் காலையில் வாசலில் வந்து நின்றது படத்தில் பார்த்த வண்டி இல்லை. அது பழுதாகிவிட்டது, இது அதைவிட நல்ல வண்டி என்றார்கள். மீதிப் பணத்தைக் கொடுத்தால்தான் ஓட்டுநர் சாவியைத் திருப்புவார். பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இந்த நேரத்தில் எந்தக் குடும்பமும் திரும்பி வீட்டுக்குள் போகாது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கடைசி நேரத்தில் வண்டியை மாற்றுவது தற்செயல் இல்லை. அதுவே அவர்கள் தொழில் செய்யும் முறை.

வந்த வண்டிக்கு வெள்ளை எண் பலகை. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். வெள்ளைப் பலகை சொந்தப் பயன்பாட்டு வண்டிக்கு உரியது. ஓட்டுநரோடு வாடகைக்கு வரும் வண்டிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருக்கும். நாமே ஓட்டிச் செல்ல வாடகைக்குத் தரும் வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். சொந்த வண்டியை வாடகைக்கு ஓட்டும்போது விபத்து நேர்ந்தால், இழப்பீடு தர முடியாது என்று காப்பீட்டு நிறுவனம் சொல்ல இடமிருக்கிறது. மலைப்பாதையில் ஒரு குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு போகிற வண்டி இது. மோட்டார் கேரவனுக்கென்றே ஏஐஎஸ்-124 என்று ஒரு தரவிதி இருக்கிறது. ஆர்.சி. புத்தகத்திலும் வண்டியின் வகை அப்படியே பதிவாகியிருக்க வேண்டும். எங்களுக்கு வந்தது ஒரு சாதாரண டிராவலர் வேன். இருக்கைகளைக் கழற்றிவிட்டுப் பலகைக் கட்டில் அடித்து, பின்பக்கம் ஒரு எரிவாயு சிலிண்டரைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அந்தச் சிலிண்டர் ஆடிய சத்தம் என் காதில் இன்னும் இருக்கிறது.

வத்தலகுண்டு வழியாக ஏறி, வெள்ளி நீர்வீழ்ச்சி அருகே சுங்கச் சாவடிக்கு வந்ததும் அடுத்த சிக்கல். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும். அது வண்டி எண்ணுக்குத்தான் தரப்படும். அவர்கள் எடுத்திருந்த இ-பாஸ் முதலில் சொன்ன வண்டிக்கு. சாவடிக்காரர் கேட்டபோது ஓட்டுநர் எங்களைக் கையைக் காட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டார். என் கணவர் அங்கேயே கைப்பேசியில் புதிதாகப் பதிவு செய்து வாங்கினார். கோடையாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் மட்டுமே என்று நீதிமன்றம் வரம்பு வைத்தது. வரம்பு நிரம்பிய நாளில் இப்படி மாட்டியிருந்தால் சாவடியோடு திரும்பியிருக்க வேண்டியதுதான். வண்டிக்குள் அவர்களே வாங்கி அடுக்கியிருந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்கள் வேறு. 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மலையில் தடை இருக்கிறது. பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. அதையும் நாங்கள்தான் கட்டினோம்.

மன்னவனூர் என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். கொடைக்கானலிலிருந்து பூம்பாறை தாண்டிப் போகிற அந்தச் சாலை அழகானது. மன்னவனூரில் ஏரியும் மத்திய செம்மறியாட்டு ஆராய்ச்சி மையத்தின் புல்வெளியும் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசைப்பட்டோம். ஆனால் பூம்பாறைக்கு அருகிலேயே ஓட்டுநர் வண்டியை ஒரு கிளைப் பாதையில் திருப்பிவிட்டார். கேரட் மூட்டை ஏற்றும் ஜீப்புக்கே நெருக்கமான பாதை அது. வண்டிக் கூரைமேல் ஏ.சி. பெட்டி இருந்தது, தாழத் தொங்கிய கேபிள் கம்பி அதில் மாட்டி அறுந்தது. அந்தத் தெருக்காரர்கள் கோபப்பட்டதில் எந்தத் தவறும் இல்லை. கேரவனின் உயரம் என்ன, போகிற பாதையில் கம்பியும் கிளையும் எந்த உயரத்தில் இருக்கின்றன என்று பார்க்காமல் மலைக் கிராமத்துக்குள் வண்டியை விடுவது அந்த ஊரை மதிக்காத செயல்.

முகாம் என்று காட்டிய இடம் ஒரு பூண்டுத் தோட்டத்தின் மேட்டு ஓரம். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. படிப்படியாக வெட்டிய அந்தச் சரிவுகளில் அதை விளைவிக்க அந்த மக்கள் படுகிற பாட்டை நேரில் பார்த்தால்தான் புரியும். தோட்டக்காரப் பெரியவர் எங்களைப் பார்த்துத் திகைத்துப் போனார். "ஒரு கார் ராத்திரி நிற்கும், காலையில் போய்விடும் என்றுதானே தம்பி சொன்னார்கள்" என்று என் கணவரிடம் கேட்டார். அவருக்குக் கொடுத்தது 300 ரூபாய். முகாம், கேரவன், விருந்தினர், சமையல் என்று எதையுமே அவரிடம் சொல்லவில்லை. அங்கே கழிப்பறை இல்லை, தண்ணீர்க் குழாய் இல்லை, வண்டிக்கென்று ஒரு மின் பிளக்கும் இல்லை.

மின்சாரத்துக்கு ஓட்டுநர் செய்த காரியத்தைக் கேளுங்கள். பெரியவர் வீட்டுக்குப் போனதும் மோட்டார் கொட்டகையைத் திறந்து, அந்த இணைப்பிலிருந்து ஒயரை இழுத்து வண்டிக்குக் கொடுத்துவிட்டார். அது விவசாய இலவச மின்சாரம். பாசனத்துக்கு மட்டுமே உரியது. வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினால் மின்சாரச் சட்டம் 2003-இன் 126-ஆவது பிரிவின்படி அங்கீகாரமற்ற பயன்பாடு. அதற்கு இரண்டு மடங்குக் கட்டணம் விதிப்பார்கள். அந்தக் கட்டணம் கேரவன்காரனுக்கு வராது, இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் வரும். விஷயம் தெரிந்ததும் என் கணவர் ஒயரைப் பிடுங்கச் சொன்னார். வண்டியின் பேட்டரியே இரவு முழுவதும் போதும் என்று ஓட்டுநர் சத்தியம் செய்தார்.

போதாது. கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன், யாரும் இனி ஏமாற வேண்டாம். அந்த வண்டியில் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி கொண்ட பேட்டரிகள் இரண்டு. சேர்த்துப் பார்த்தால் 3.6 யூனிட். ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே வடியவிட்டால் அது கெட்டுப்போகும். ஆகவே கையில் இருப்பது 1.8 யூனிட்தான். 1,500 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரத்துக்கு 1.5 யூனிட் இழுக்கும். விளக்கு, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு மணி நேரத்திலேயே கதை முடிந்துவிடும். அப்படியே நடந்தது. பத்து மணிக்கெல்லாம் வண்டி இருட்டிவிட்டது. மார்கழிக் குளிர், மேல்மலையில் பள்ளங்களில் உறைபனி படிகிற காலம். தகரச் சுவர் பனிக்கட்டிபோல் சில்லிட்டது. அத்தை இருந்த போர்வை எல்லாவற்றையும் போர்த்திக்கொண்டும் நடுங்கினார்கள். மோட்டாருக்கு மின்சாரம் இல்லாததால் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை. எழுபது வயதைத் தாண்டியவரை நடுராத்திரியில், காட்டெருமை நடமாடும் சரிவில், டார்ச் வெளிச்சத்தில் கைப்பிடித்து வெளியே அழைத்துப் போனேன். அவர்கள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

குளிர் தாங்கவில்லை என்றதும், கரியடுப்பைப் பற்றவைத்து வண்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஓட்டுநர் சொன்னார். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். மூடிய இடத்தில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். 2024-இல் கொடைக்கானலில் ஒரு விடுதி அறைக்குள் கரியடுப்புப் புகையில் இரண்டு இளைஞர்கள் இறந்துபோனார்கள். அறையைவிடச் சிறியது வேன். எரிவாயு அடுப்பைக் குளிர்காயப் பயன்படுத்துவதிலும் இதே ஆபத்து இருக்கிறது.

விடிந்ததும் நடந்ததுதான் எல்லாவற்றிலும் கொடுமை. கேரவனில் பாத்திரம் கழுவிய நீருக்கு ஒரு தொட்டி, கழிப்பறைக் கழிவுக்கு ஒரு தொட்டி என்று இருக்கும். கழிப்பறைத் தொட்டியை செப்டிக் டேங்க் உள்ள இடத்தில்தான் காலி செய்ய வேண்டும். எங்கள் ஓட்டுநர் நாங்கள் எழுவதற்கு முன்பே அடைப்பைத் திறந்து, தோட்டத்தை ஒட்டி ஓடும் ஓடையில் விட்டுவிட்டார். முந்தைய பயணக் குடும்பத்தின் கழிவும் அதில் சேர்ந்திருந்தது என்று நாற்றத்திலேயே தெரிந்தது. கீழே கேரட் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் கூச்சலிட்டு மேலே ஓடிவந்தார்கள். "இந்தத் தண்ணீரைத்தான் தாயி கீழே குடிக்கிறார்கள்" என்று பெரியவரின் மனைவி என்னிடம் சொன்னபோது அந்த அம்மாவின் குரல் உடைந்துவிட்டது. ஊர்க்காரர்கள் எங்களைவிடப் பெரியவரைத்தான் அதிகம் பேசினார்கள்: காசுக்கு ஆசைப்பட்டு ஊர்த் தண்ணீரைக் கெடுத்துவிட்டாய் என்று. எல்லோர் முன்னாலும், அவருக்கு எதுவுமே தெரியாது, அவரையும் ஏமாற்றியிருக்கிறார்கள் என்று நாங்கள் சொன்னோம். அவர்களில் சிலர் நம்பினார்கள். நிறுவனத்துக்காரர் அந்தக் காலையிலிருந்து தொலைபேசியை எடுக்கவே இல்லை. நாங்கள் அந்த வண்டியில் மீண்டும் ஏறவில்லை. பூம்பாறையிலிருந்து பஸ்ஸில் கொடைக்கானலுக்கு வந்து, அங்கிருந்து ஊர் திரும்பினோம்.

கேரவனில் மலைக்குப் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முறையாக நடத்துபவர்களும் இருக்கிறார்கள். தமிழ்நாடு சுற்றுலாத் துறையில் கேரவன் சுற்றுலா நடத்துவோருக்கும் கேரவன் பூங்கா, முகாம் நடத்துவோருக்கும் பதிவு முறை இருக்கிறது. பதிவுச் சான்றை அனுப்பச் சொல்லுங்கள். ஆர்.சி., காப்பீடு, பெர்மிட் மூன்றின் படமும், இ-பாஸும் ஒரே வண்டி எண்ணில் இருக்க வேண்டும். வேறு வண்டி வந்தால் முழுப் பணமும் திரும்ப வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, நிலத்துக்காரரோடு நீங்களே தொலைபேசியில் பேச வேண்டும் என்று கேளுங்கள். எத்தனை பேர் வருகிறீர்கள், எங்கே சமைப்பீர்கள், கழிவு எங்கே போகும் என்று அவரிடமே கேளுங்கள். அவருக்குத் தெரியாமல் அவர் நிலத்தை விற்கிறவன் உங்களிடமும் உண்மையாக இருக்க மாட்டான். எண் தர மறுத்தால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பதில் வராததால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். பணம் அனுப்பிய விவரம், குறுஞ்செய்திகள், எண் பலகை தெரியும் படம், ஓடையின் படம் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். பெரியவரும் சாட்சி சொல்ல வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அதே ஆட்கள் இப்போது வேறு பெயரில், அதே படத்தைப் போட்டு, பொங்கல் விடுமுறைக்கு ஆள் பிடிக்கிறார்கள். பச்சைச் சரிவில் வெள்ளைக் கேரவன் நிற்கும் படம் அது. உற்றுப் பார்த்தால் ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்கிறது. நம் நாட்டு வண்டியே அல்ல. அந்தப் படம் உங்களுக்கு வந்தால் பணம் அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டிருந்தால் இன்றே 1915-ஐ அழையுங்கள்.