ஹார்லோ படத்தில் பால்பாயின்ட் மை

பழைய ஹாலிவுட் நட்சத்திரங்களின் கையெழுத்துப் படங்கள் விற்கும் ஆன்லைன் கடை. பேக்கிங் பிரமாதம், மூலைகூட மடங்கவில்லை. சரக்குதான் உதைக்கிறது. ஜீன் ஹார்லோ படத்தில் பால்பாயின்ட் மை! அவர் இறந்தது 1937-இல். அமெரிக்கக் கடைகளுக்கு அந்தப் பேனா வந்ததே 1945-இல். ரசிகர்களுக்குப் போன ஹார்லோ படங்களில் பெரும்பாலானவற்றில் அவருடைய அம்மாதான் கையெழுத்துப் போட்டார் என்பது தெரிந்த கதை. இது அம்மா போட்டதாகக்கூடத் தெரியவில்லை.

கூடவே கடைக்காரரே அச்சடித்த சான்றிதழ். முன்பு அதை நம்பி வாங்கினோம். இப்போது பிஎஸ்ஏ, ஜேஎஸ்ஏ மாதிரி கையெழுத்தின் உண்மையைச் சோதிக்கும் வெளி நிறுவனங்களின் சீட்டு இல்லையென்றால், திரும்ப விற்கப் போனால் சீந்த ஆளில்லை.

கேட்டதும் பணத்தைத் திருப்பினார்கள். இரண்டு நட்சத்திரம் தரலாம் என்றிருந்தேன். அதே படம் மறுபடி விற்பனைக்கு வந்திருக்கிறது, அதே விலையில். ஒன்றுதான்.