6 வருடமாக அதே பிரஷ்: மண்டபத்து உப்புத் தண்ணீரில் கழுவிப் பார்த்த அனுபவம்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் கடற்கரையை ஒட்டிய வீடு. ஜன்னல் கம்பிக்கும் கேட்டுக்கும் அடிக்கிற பெயிண்ட் ஒரு வருடம் தாங்கினால் பெரிது. ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி, விசைப்படகுகள் கரையேறிப் பழுது பார்க்கும் நாட்களில் நானும் வீட்டில் ஒரு டப்பாவைத் திறந்துவிடுவேன். ஒரு 9 இஞ்ச் ரோலர், 4 இஞ்ச் பிரஷ், கம்பிக்கு ஒரு 2 இஞ்ச். அவ்வளவுதான் என் சாமான்.

முதல் வருடம் எல்லாவற்றையும் கிணற்றுத் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினேன். எங்கள் கிணறு உப்பு. நுரையே வரவில்லை, திரிந்த பால் மாதிரி திப்பி திப்பியாக மிதந்தது. சரி, போதும் என்று காயவைத்துவிட்டேன். அடுத்த வருடம் அதே பிரஷை வெள்ளைச் சுவரில் இழுத்தால் டீத்தண்ணி நிறத்தில் ஒரு கோடு! முடியைப் பிடித்திருக்கும் தகரப் பட்டைக்குள் உப்பு தங்கித் துருப்பிடித்திருக்கிறது. அந்தச் சுவரை மறுபடி அடித்தேன்.

அதன்பிறகு எமல்ஷன் (தண்ணீர் கலந்து சுவருக்கு அடிக்கும் பெயிண்ட்) பிரஷுக்கு முதல் அலசல் மட்டும் கிணற்றில். சோப்புக்குப் பதில் ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட்; உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும். கடைசி அலசல் காசு கொடுத்து வாங்கும் குடத்துத் தண்ணீரில், அரைக் குடம். "குடிக்கிற தண்ணிய பிரஷுக்கு ஊத்துறியேடா" என்று அம்மா வருடா வருடம் சொல்வார். பிறகு உதறி, முடி கீழே பார்க்க நிழலில் தொங்கவிடுவேன். நிமிர்த்தி வைத்தால் ஈரம் பட்டைக்குள் இறங்கிவிடும்.

ரோலரைக் கழுவும் முன் வழிக்க வேண்டும். பட்டி பார்க்கும் தகட்டால் அழுத்தி இழுத்தேன், அரை டம்ளருக்குக் குறையாமல் பெயிண்ட் வாளிக்குத் திரும்பியது. உறையைக் கம்பியிலிருந்து கழற்றித் தெளிந்த தண்ணீர் வரும்வரை பிழிந்து, நிற்கவைத்துக் காயவிடுவேன். இருந்தும் 3 வருடத்தில் உறை பஞ்சு உதிர்க்க ஆரம்பித்தது. அதற்குமேல் இழுத்துப் பிடிப்பதில் அர்த்தமில்லை.

கம்பிக்கும் கேட்டுக்கும் அடிக்கும் எண்ணெய் பெயிண்டான எனாமலுக்குத் தண்ணீர் ஆகாது. டப்பாவில் கொஞ்சம் டர்பன்டைன் ஊற்றி மூன்று முறை, அப்புறம் ஷாம்பு. அழுக்கு டர்பன்டைனை மூடி போட்ட பாட்டிலில் வைத்தால் சில நாளில் கசடு அடியில் தங்கும். மேலே தெளிந்தது அடுத்த முறை முதல் கழுவலுக்கு ஆகும். மணலில் கொட்டுவதில்லை, பத்தடியில் கிணறு. தின்னரை ஒரு தடவையோடு விட்டேன். நாற்றத்தோடு கைப்பிடி வார்னிஷையும் கரைத்துவிட்டது.

மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது கழுவவே வேண்டாம். பாலிதீன் கவரில் காற்றுப் புகாமல் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டால் போதும்.

4 இஞ்ச் இன்னும் நன்றாக இருக்கிறது. 2 இஞ்ச் தேய்ந்து பாதியாகிவிட்டது, துருப்பிடிக்காமல் இருக்க அடியில் பூசும் ரெட் ஆக்சைடுக்கு ஒதுக்கியிருக்கிறேன். கேட்டின் அடிக்கம்பிக்குத்தானே, இரண்டு முடி ஒட்டிக்கொண்டாலும் யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்?